விரிசல் மேல் மாட்டிய முருகர்

மழையில் படப்பையில் இருக்கும் என் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. அதற்கான இன்சூரன்ஸ் பணம் இன்னும் வரவில்லை. அதற்குள் விற்கவும் பார்க்கிறேன்.

இன்று வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அதற்கு முன்பே புரோக்கர் விரிசல் மேல் பெரிய முருகர் படத்தை மாட்டி, மாலையும் போட்டுவிட்டார். "நீ கம்முனு இரு சார்."

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வூடு லட்சணமா கீது."

அந்த நேரம் பார்த்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். "விரிசல் எங்க சார்?"

நான் முருகரைப் பார்த்தேன். புரோக்கர் என்னை முறைத்தார்.

சர்வேயரும் முருகரைக் கும்பிட்டார். "டேமேஜ் ஒண்ணும் தெரியலையே" என்று கிளம்பிவிட்டார்.

அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் அந்த அம்மா கேட்டார்: "இன்னா விரிசல்? படத்த கொஞ்சம் கழட்டுங்க."

படப்பையில் யாருக்காவது வீடு வேண்டுமா? முருகரோடு தருகிறேன்.