கரிப்பு நிற்கும் வரை தண்ணீர்

“…அதெல்லாம் சரிம்மா, பொம்பள ஏணியில ஏறி ஏ.சி.யைக் கழட்டி நான் பாத்ததே இல்ல. ஆம்பள யாரையாவது கூட்டிக்கினு வா.”

எங்கள் அண்ணன் மறைந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு காலையில், உப்பளக்காரர் ஒருவர் தம் வீட்டு வாசலில் நின்று எங்கள் அண்ணியிடம் சொன்னது இது. அண்ணியின் தோளில் அண்ணனின் ஸ்பேனர் பை. துணைக்குப் போன நான் பக்கத்தில். அங்கே என்ன நடந்தது என்பதற்கு முன்னால், அவருடைய முதலாண்டு நினைவு நாளான இன்று, அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் மரக்காணத்தில், உப்பளக் கூலி வேலை செய்த எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஃபிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் கடை ஒன்றில் தொழில் கற்றார். என்னை இரும்பை கிராமத்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கவே சம்மதித்தார். அதற்குப் பிறகு ஊரிலேயே சொந்தக் கடை.

நம்மூர் உப்புக்காற்றுக்கு ஏ.சி. என்றால் கொள்ளை ஆசை. வெளிச்சுவரில் மாட்டிய பெட்டியை அரித்தே தின்றுவிடும். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும், மெயினை அணைத்த கையோடு அண்ணன் கேட்பது ஒரு குடம் நல்ல தண்ணீர்தான். பெட்டியின் தகடுகள்மேல் ஊற்றுவார். அடியில் சொட்டுவதை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். கரித்தால் இன்னொரு குடம். கரிப்பு நின்ற பிறகே ஸ்க்ரூவில் கை வைப்பார்.

“ஏம்பா, கூலியும் வாங்கிக்கினு என் உப்பையும் துன்றியா?” என்று இதே உப்பளக்காரர் கிண்டல் செய்வார்.

“உங்க உப்பத் துன்னாதானே மொதலாளி, உங்க மெஷினுக்கு விசுவாசமா இருக்க முடியும்?” என்பார் அண்ணன்.

சுனாமிக்குப் பிறகு, மீனவர் குப்பத்து வீடுகளிலிருந்து சேறும் உப்புமாக ஃபிரிட்ஜ்கள் வந்து கடை வாசலை அடைத்தன. அவற்றுக்கு அண்ணன் கூலி வாங்கவில்லை. தனியாளாக முடியாமல் அண்ணியைக் கழுவக் கூப்பிட்டார். கழுவ வந்த அண்ணி கழற்றினார், மாட்டினார். சில மாதங்களில் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்னார். “இனிமே எனக்கு லீவு வேணும்னா உன்னைத்தான் கேக்கணும்போல” என்று அண்ணன் சிரித்தது என் காதிலேயே இருக்கிறது.

அடுத்த ஆண்டே மஞ்சள் காமாலை அவரைப் படுக்கவைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, “சிஸ்டர், எனக்கு ஊசி அப்புறம் போடுங்க. மொதல்ல அந்த ஏ.சி.யைப் பாருங்க, மூச்சு விட முடியாம திணறுது” என்றார். நர்ஸம்மாவும் சிரித்துவிட்டார். அண்ணிதான் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். “இப்ப நல்லா வருது” என்றார் அண்ணன். மூன்றாம் நாள், அந்தக் குளிர்ச்சியில், அமைதியாகக் கண்மூடினார்.

காரியத்தன்று, கடையை செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அண்ணி மட்டும் எழுந்து, “ஒரே ஒரு வேலை பாக்க விடுங்க. சரியா செய்யலன்னா நானே சாவியைக் குடுத்துடறேன்” என்றார். சரி, பார்ப்போம் என்று பெரியவர்களும் பொறுத்தார்கள். அந்த ஒரு வேலைக்கு வந்த போன்தான் உப்பளக்காரருடையது.

ஆஸ்பத்திரிக்கு இரவல் கார் கொடுத்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு அனுப்பிய தெருவினருக்கும், குப்பத்திலிருந்து வந்து அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஓராண்டாகத் தினமும் கடையைத் திறக்கும் அண்ணியை நம்பி அழைக்கும் எல்லா வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். முதல் நன்றிக்கு உரியவர் ஒருவர் உண்டு. அவரைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

அன்று அந்த வாசலில் அண்ணி கோபப்படவில்லை. “ஆம்பளயா பொம்பளயான்னு மெஷினு கேக்காது மொதலாளி. ஒரு குடம் நல்ல தண்ணி மட்டும் குடுங்க” என்றார். மெயினை அணைத்தார். ஏணியில் ஏறினார். குடத்தை நான் ஏந்திக் கொடுத்தேன். ஊற்றி முடித்து, அடியில் சொட்டியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“இன்னும் கரிக்குதுங்க.”

உப்பளக்காரர் ஏணியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார்; வேட்டியை மடித்துக் கட்டி, என் கையிலிருந்த காலிக் குடத்தை வாங்கிக்கொண்டு, தாமே குழாயடிக்கு நடந்தார்.