சுவிச் கரையில் இருந்தது

புலம்பெயர்ந்த தமிழரின் மோர்னிங்சைட் முதியோர் சங்கத்தில் ஆறு வருசமாக ஒரேயொரு போர் வீரர்தான் இருந்தார். எழுபத்து மூன்று வயதுத் தில்லையம்பலம். உலக யுத்தத்தின்போது திருகோணமலைத் துறைமுக வாயிலில் கடற்கண்ணிவெடி போட்ட சின்னக் கப்பலில் வேலை செய்தவராம். ஒரே அச்சில் கட்டிய கப்பல்களில் ஒன்று. பேர்கூட இல்லை, நம்பர்தான். தானே சுவிச்சை அழுத்தி, யப்பான்காரனின் நீர்மூழ்கியைத் தூள்தூளாக்கினாராம். வியாழன்தோறும் தேத்தண்ணியோடு அந்த நீர்மூழ்கி ஒருதரம் தாழும். உண்மையில் மனுசன் டொக்யாட் ஸ்டோரில் கயிறும் பெயின்ரும் எடுத்துக் கொடுத்தவர். கப்பலில் ஏற்றச் சொல்லி அவர் கெஞ்சாத துரை இல்லை.

தொண்ணூற்றைந்தில், மகள் ஸ்பொன்சர் செய்து சீமோன் வந்து சேர்ந்தான். அதே கப்பலில் மூன்று வருசம் கண்ணிகளுக்குக் கேபிள் இழுத்தவன். அதைத் தானாகச் சொல்லவும் இல்லை. உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துச் சங்கச் செயலாளர் நிலாணி கேட்டதால் வந்த கதை. தில்லையம்பலத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்று ஸ்டோர் வாசலில் நின்று, இவன் கப்பலுக்கு நடந்துபோவதைப் பார்த்த அதே எரிச்சல். பொய் வெளிப்பட்டுவிடுமே என்ற பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த வியாழன் நிலாணி எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்: "சீமோன் அங்கிள், இவர் சுவிச்சை அமத்தேக்கை நீங்களும் பக்கத்திலையோ நிண்டனீங்கள்?"

"கப்பலிலை சுவிச் இல்லைப் பிள்ளை. நாங்கள் கண்ணியைப் போட்டு, கேபிளைக் கரைக்கு இழுத்துக் குடுக்கிறதோடை சரி. சுவிச் கரையிலை, ஒரு கொட்டிலுக்குள்ளை."

மண்டபம் முழுக்கத் தில்லையம்பலத்தைத் திரும்பிப் பார்த்தது. சீமோனும் பார்த்தான். ஸ்டோர்க்காரனை அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அண்ணையைப் பிறகு அந்தக் கொட்டிலுக்கு மாத்தினவங்கள்," என்றான் மெல்ல. "அமத்தினது அவராத்தான் இருக்கும்."

கைதட்டல் தில்லையம்பலத்துக்குத்தான் விழுந்தது. அவரும் எழுந்து கும்பிட்டார். கப்பல் அவனுக்கு. தழும்பு அவனுக்கு. பெருந்தன்மையும் அவனுக்கேதானா? தனக்கென்று இருந்தது ஒரேயொரு பொய். அதுவும் இன்று அவன் போட்ட பிச்சையாகிவிட்டது.

அடுத்த வியாழன், முழங்கால் வலி, வரேலாது என்று நிலாணிக்குப் போன் எடுத்தார். பிறகு அப்படிச் சொல்லிப் போன் எடுப்பதையும் விட்டுவிட்டார்.