ஈரம் பழகிய இடுப்பு

இந்த நாட்டில் துணி காயும் வேகம் எனக்கு இன்னும் பழகவில்லை. டொரொன்டோவில் எங்கள் அறை ஹீட்டரின் மேல் விரித்த பாவாடை ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிடும். எங்கள் ஊரான இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் ஆனி மழைக்கு, அடுப்படிக் கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் புகை நாற்றம்தான் ஏறும். நாள்தோறும் இரண்டு ஊர் வானிலையையும் வீட்டில் நடந்ததையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பது என் வழக்கம்.

என் மனைவி புவனா பல வருடம் கொழுந்து பறித்தவள். இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினால், பனியும் மழையும் அந்தத் துணியைத் தாண்டி உள்பாவாடை வரை நனைக்கும். அதை யாரும் ஒரு சங்கதியாகச் சொல்வதில்லை. இங்கே, ஆறாம் மாதத்தில் அவளுடைய பனிக்குட நீர் கசியத் தொடங்கியபோதும் பாவாடையை மாற்றிக்கொண்டு சமைக்கப் போனாள். நான்காம் நாள் காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எத்தனை நாளாக ஈரம் என்று டாக்டர் கேட்டார்.

“ஈரம் எப்பவும் இருக்கிறதுதானேங்க,” என்றாள் புவனா.

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மாதக்கணக்கில் கசிந்ததாக டாக்டர் எழுதிக்கொண்டார். தேயிலை மலையை அவருக்கு விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. அன்று மாலை எங்கள் மகள் உயிரில்லாமல் பிறந்தாள்.

கிருமி தொற்றியதுதான் காரணம் என்றார்கள். ஆனாலும் நான் அந்த நீரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளில் சில, சொந்த உடலையே பற்றும் இயல்புடையவை; நலமாக இருப்பவர்களின் இரத்தத்திலும் அவை உண்டு. கர்ப்பகாலத்தில் அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் வேறு பிறபொருளெதிரிகள் பனிக்குட நீரில் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நீர் குழந்தைக்குக் காவலாக இருந்தது என்பது ஆறுதலாக இருக்குமென்று நினைத்துப் புவனாவிடம் சொன்னேன்.

“அவ்வளவு வேல பாக்குற தண்ணியவா நான் தொடச்சுப் போட்டேன்?”

அதன்பிறகே குறிப்பேட்டைப் புரட்டினேன். நீர் கசிந்த வாரத் திங்கள்: ‘புவனா இருமுறை பாவாடை மாற்றினாள்.’ செவ்வாய்: ‘மூன்று முறை.’ கையெழுத்து திருத்தமாக இருந்தது. அவளிடம் நீட்டினேன்.

“நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க,” என்றாள்.

அவள் தங்கை தனத்துக்கு இப்போது ஆறு மாதம். இன்று காலை கைபேசித் திரையில் புவனாவுடன் பேசினாள். அங்கே மாலை, மலையிலிருந்து வந்து, படங்கில் நீர் சொட்ட நின்றாள்.

“அத அவுத்துட்டு காஞ்ச துணி கட்டிப் பாருடி. அதும் நனைஞ்சா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரு.”

“கனடாவுல மருத்துவச்சி வேலையாக்கா பாக்குற?”

“சிரிக்காதடி. கட்டிப் பாரு.”

பேசி முடித்ததும் ஹீட்டர் மேல் கிடந்த தன் பாவாடையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நான் எழுதினேன்: அக்கரப்பத்தனை, மழை. இங்கே, வெயில். மகள் கிடக்கும் மயானத்துக்கும் கீழே ஒரு வரி விட்டு வருகிறேன். பஸ்ஸில் அரைமணி தூரம்தான். ஆனாலும் அவளை எந்த ஊரில் சேர்த்து எழுதுவதென்று தெரியாமல் அந்த வரி வெறுமையாகவே இருக்கிறது.