அவலூர்பேட்டை பஸ்ஸில் கார்டு

இன்று அவலூர்பேட்டையில் செஞ்சிக்குத் தனியார் பஸ் ஏறினேன். பர்ஸில் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் ஒரு சின்ன மெஷினை நீட்டினார்.

"கார்டு இருக்குதாம்மா? இதுல காட்டுங்க, போதும்."

பேங்க் கார்டைக் காட்டினேன். டிக்கெட் வந்துவிட்டது. துணிக்கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் தாண்டி, கார்டு எங்கள் ஊர் பஸ்ஸிலும் ஏறிவிட்டது.

எனக்கு அறுபதுகளில் ஒரு காலை நினைவுக்கு வந்தது. தம்பியைப் பாம்பு கடித்துவிட்டது. நைனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இதே ரோட்டில் பஸ்ஸை மறித்தார். வீட்டில் காசு இல்லை. முட்டையிடும் கோழியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். டிக்கெட்டுக்குப் பதிலாக நைனா அதை வாங்கி நீட்டினார்.

"கோழிய இன்னாத்துக்குய்யா நீட்ற? புள்ளைய தூங்கவிடாத, பேசிக்கினே வா" என்ற கண்டக்டர், டிரைவரிடம் கத்தினார்: "அண்ணே, இனிமே ஆஸ்பத்திரி வாசல்லதான் நிறுத்தணும்!"

வழியில் இறங்க வேண்டியவர்கள்கூட இறங்கவில்லை. எல்லோரும் செஞ்சிவரை வந்தார்கள். தம்பி பிழைத்தான்.

அந்தத் தம்பி இன்று என் பக்கத்து சீட்டில்தான் இருந்தான்.

"அக்கா, எனக்கும் சேத்து எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இவன் சொந்தக் காசில் பஸ் ஏறியதை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.