திங்கட்கிழமை வேகம்

ஐம்பது வயதில் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். ஞாயிறு நீண்ட தூரம் ஓடினால், திங்கள் மிக மெதுவாக ஓட வேண்டும். ஆனால் எங்கள் இரும்புலியூர் ஓட்டக் குழுவில் அன்றன்றைய வேகத்தை வாட்ஸ்அப்பில் போடுவது வழக்கம். குறைந்த வேகத்தைப் போட வெட்கப்பட்டு, வலித்த கணுக்காலுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வேகமாகவே ஓடினேன்.

ஒரு திங்களன்று ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கையில் கால் மடங்கி விழுந்தேன். வந்த பஸ் இரண்டடி தள்ளி நின்றது. டிரைவர் இறங்கித் தூக்கிவிட்டார்.

"ஸ்ப்ரே வாசனை இங்க வரைக்கும் அடிக்குது. வலிக்குதுன்னு தெரிஞ்சும் இன்னாத்துக்கு சார் ஓடுறீங்க?"

நொண்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

மூன்று வாரம் ஓய்வெடுத்தேன். இப்போது திங்களன்று, வேகநடை போகும் மனைவியோடு பேசியபடியே ஓடுகிறேன். சில நாள் அவள் முந்திவிடுகிறாள். அதையும் நானே குழுவில் போட்டுவிடுகிறேன்.