ஈரத் துண்டுல பழகுன பரோட்டா

ரெண்டு பக்கத்துக்காரனும் கேள்வி கேட்டே சன்னாசிய தேச்சு எடுத்துட்டானுங்க.

விடியறதுக்கு முந்தி ஆள் எண்ணுற பெரட்டுக்கு நின்னு, பேரக் குடுத்துட்டு, காட்டோரத்து ரப்பர் நிரைக்குப் போயி பாலுக்கு மரம் வெட்டிக்கிட்டு இருப்பான். மரத்துக்குப் பின்னாலேருந்து காட்டுல ஒளிஞ்சிருக்குற கம்யூனிஸ்ட்காரன் ஒருத்தன் துப்பாக்கியோட வந்து நிப்பான். "அரிசி எங்க? மாத்தாவுக்கு இங்கேருந்து சேதி சொல்றது யாரு?" அவன் காட்டுக்குள்ள மறைஞ்ச கொஞ்ச நேரத்துல போலீசு, அதான் மாத்தாக்காரன், ஜீப்புல வந்து எறங்குவான். "யாரு வந்தா? என்ன கேட்டா? நீ என்ன குடுத்த?" இவனுக்கு வாயத் தொறந்தா அவன் சுடுவான், அவனுக்கு வாயத் தொறந்தா இவன் உள்ள தள்ளுவான். சன்னாசி ரெண்டு பேருக்கும் ஒரே பதிலத்தான் வச்சிருந்தான்: "நான் மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தேங்க."

வெள்ளக்காரன் போட்ட அவசர காலம் இந்தா முடியும், அந்தா முடியும்னு சொல்லிச் சொல்லியே வருசம் ஓடிப்போச்சு. மெர்டேக்கா, அந்தச் சுதந்திரம்கூட வந்துரும் போல, இது போற மாதிரி தெரியல. சன்னாசிக்கு நாப்பது தாண்டிருச்சு. படுத்தாலும் அசதி, எந்திரிச்சாலும் அசதி. ஒரு பொழுதாவது யாரும் எதுவும் கேக்காம இருக்கணும், அவ்வளவுதான் அவன் ஆசை.

ரந்தாவ் பாசார்ல மதார் மைதீன் சாப்பாட்டுக் கடை. ஒருநாள் அங்க கோப்பி குடிக்கப் போனவன், ரொட்டிக் கல்லுக்கு முன்னால நின்ன சலாவுதீனயே பாத்துக்கிட்டு இருந்தான். வேர்வ ஊத்துது, கையி ஓயல. ஆனா வர்றவன் எல்லாம் அவன்கிட்ட ஒரே கேள்விதான் கேக்குறான்: "மாஸ்டர், எனக்கு ரெண்டு போடுறியா?" கேட்டுட்டு ஒழுங்கா போயி ஒக்காந்துக்குறான். சன்னாசிக்கு அந்தக் கேள்வி ரொம்பப் புடிச்சுப்போச்சு.

மொதலாளிகிட்ட போயி நின்னான். "தொழில் பழகணும் மொதலாளி."

"சம்பளம் கெடையாதுப்பா."

"வேணாங்க."

"பசியாறிக்கலாம். கோப்பி உண்டு. சீனி மட்டும் பாத்துப் போட்டுக்க."

மதார் மைதீன் சீனி டப்பாவுல ஈ விழுந்தா, ஈயோட கால ஒதறிட்டுத்தான் வெளிய விடுவாருன்னு ரந்தாவ் பூரா பேச்சு. சம்பளம் கேக்காத ஆளு தானா வந்து நின்னா விடுவாரா?

அன்னையிலேருந்து சன்னாசிக்கு ரெண்டு பொழப்பு. மத்தியானம் ரப்பர் பால நிறுத்துக் குடுத்ததும் சைக்கிள எடுப்பான். கடையில வெங்காயம் உரிப்பான், சாப்புட்ட மங்கு கழுவுவான், மேச தொடைப்பான். ஊரடங்குக்கு கேட்டு சாத்தறதுக்குள்ள மூச்சு வாங்க மிதிச்சு தோட்டத்துக்கு வந்து சேருவான். கொஞ்ச மாசம் போனதும் மாவு பெசைய விட்டாங்க. கல்லுகிட்ட மட்டும் விடல, தள்ளி நின்னு பாக்கணும். சலாவுதீனுக்கு இவன் வயசுல பாதிதான் இருக்கும், ஆனா தொழில்ல குருன்னா குருதான். இவன் "மாஸ்டர்"ங்குறான், அந்தப் பையன் "சன்னாசி அண்ணே, அந்த வாளிய எடு"ங்குறான். கண்ணு பாத்து, கையி பழகி வரணும்னு மொதலாளி சட்டம்.

தோட்டத்தாளுங்க குடியிருக்குற லயத்துல விட்டுவைப்பாங்களா? "காசு வாங்காம ஒருத்தன் தெனம் ரந்தாவ் ஓடுறான்னா, அங்க எவளோ மங்கு கழுவுறா"ன்னு குழாயடியில ஒரு கத கெளம்புச்சு. அது சுத்தி வந்து அவன் பொஞ்சாதி மயிலம்மா காதுல விழுந்துச்சு.

"எவளும் இல்ல, நான்தான் மங்கு கழுவுறேன்"னு சன்னாசி உண்மையச் சொன்னான்.

"அதுக்கு எவளாவது இருந்திருந்தாக்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும்"னா மயிலம்மா.

ஆனா அவளோட பயம் வேற. பால் வெட்டுற கத்தி புடிக்கிற கையிக்குத்தான் லயத்து வீடு. கத்தியக் கீழ வச்சா சாவியையும் வச்சுட்டு நடக்கணும். கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கு, தொழில் கைக்கு வந்துட்டா குடியிருந்துக்கலாம்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. தொழில் வராட்டி? வீடும் போயி, மரமும் போயி, ரெண்டு பேரும் ரோட்டுல நிக்கணும்.

"ஏங்க, சண்ட வேணாம். நீங்க ஒங்க கையால போட்ட பரோட்டா ஒண்ணு கொண்டாந்து குடுங்க. வாயில வச்சா வெளங்கிரும். நல்லாருந்தா அன்னைக்கே சட்டி பானையக் கட்டுறேன். இல்லன்னா இந்தப் பேச்ச விட்டுட்டு மரத்த வெட்டுங்க."

நியாயமான பேச்சுதான். ஆனா காலம் நியாயமா இல்லையே. காட்டுக்காரனுக்கு ஒரு பருக்க போயிறக் கூடாதுன்னு அரிசி, மாவு எல்லாத்தையும் தோட்டத்து துரை பெரிய குசினியில பூட்டி வச்சுட்டாரு. தோட்டம் பூராவுக்கும் அங்கதான் சோறு வேகும். வாளியத் தூக்கிட்டுப் போயி வெந்த சோத்த வாங்கிக்கணும். வீட்டுல கைப்பிடி மாவு இருந்தாலும் கேசு. வெளியேருந்து கேட்டு வழியா திங்கிறது எதுவும் வரக் கூடாது. மயிலம்மாவ கடைக்கே கூட்டிட்டுப் போகலாம்னா, அவ பாக்கப்போறது இவன் மங்கு கழுவுறதத்தான்.

ஒரு நாளு சன்னாசி குறுக்கு வழியில போயிப் பாத்தான். சலாவுதீன் போட்ட பரோட்டா ஒண்ண வாழ இலையில சுத்தி இடுப்புல சொருகிக்கிட்டான். தான் போட்டதுன்னு சொல்லிக்கலாம்னு ஒரு எண்ணம். கேட்டுல நின்னவன் தங்கராஜு. முன்னால இவனுக்கு பக்கத்து நிரையில மரம் வெட்டுனவன். இப்ப ஸ்பெசல் கான்ஸ்டபிள். மரத்துலேருந்து துப்பாக்கிக்கு மாற அவனுக்கு சட்ட குடுத்து, பூட்ஸ் குடுத்து, பழகுற நாளுக்கும் சம்பளம் குடுத்தாங்க. சுடப் பழகுனா காசு, ரொட்டி சுடப் பழகுனா ஓசின்னு சன்னாசி நெனச்சுக்குவான்.

தங்கராஜு இடுப்பத் தடவுனான். "இன்னும் சூடா இருக்கே லா!"ன்னான். கைப்பத்துன சரக்க அங்கயே நின்னு தின்னான். சன்னாசி பேரயும் மனசுல குறிச்சுக்கிட்டான்.

இதுக்கு மேல ஒரே வழிதான் இருந்துச்சு. மொதலாளி என்னைக்காவது கல்லுகிட்ட விட்டா, மொத நாளே கையி நிக்கணும். மாவு இல்ல, அதனால துண்ட நனைச்சான். சலாவுதீனும் அப்படித்தான் பழகுனானாம். வீட்டுக்குள்ள கூர தலைய இடிக்கும். அதனால சாயங்காலம் லயத்துக்குப் பின்னால, கம்பி வேலி ஓரமா ஒரு பலகையப் போட்டு, வெள்ளத் துண்ட சுழட்டி வீசுவான். தலைக்கு மேல விரிஞ்சு எறங்கி பலகையில 'சடார்'னு விழும். மறுபடி எடுப்பான். காலையிலேருந்து ஒழைச்ச தோளு கெஞ்சும். அப்பயும் வீசுவான்.

வேலிக்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் காவல் பரண் மேல தங்கராஜு.

தங்கராஜு ரெண்டயும் ரெண்டயும் கூட்டுனான். பகல்ல ரொட்டி கடத்துறான். பொழுது சாயுற நேரம் காட்டப் பாத்து வெள்ளக் கொடி காட்டுறான்.

மறுநாள் மரத்துலேருந்தே சன்னாசிய கூட்டிட்டு வந்து கேட்டு பக்கத்து காவல் கொட்டாயில ஒக்கார வச்சாங்க. ஒரு மலாய்க்கார இன்ஸ்பெக்டர் வந்தாரு. தமிழ் நல்லா புரியும், பேசுறது மலாயில.

"யாருக்கு சைகை காட்டுன?"

"யாருக்கும் இல்ல துவான். பரோட்டா போட்டேன்."

"மாவு?"

"மாவு இல்ல துவான். துண்டுல."

இன்ஸ்பெக்டர் நெத்தியத் தேச்சுக்கிட்டாரு. இந்த மாதிரி கேசுல ஆள உள்ள வைக்கலாம். கப்பலேத்தி ஊருக்கே அனுப்பிடலாம். சன்னாசி பொறந்ததே இங்க லிங்கி பக்கம். ஊருன்னா எந்த ஊருன்னு அவனுக்கே தெரியாது. அப்பகூட அவனுக்குப் பயத்த விட அசதிதான் முன்னால வந்துச்சு. கப்பல்ல போனா படுத்துத் தூங்கலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சான்.

ஜீப்பு போயி மதார் மைதீன ஏத்திட்டு வந்துச்சு. மனுசன் தொப்பியக் கழட்டி கழட்டி மாட்டுறாரு.

"இவன் உன் வேலையாளா?"

சம்பளம் குடுக்காம வேல வாங்குனது ஒரு பக்கம், காட்டுக்காரன் கேசு ஒரு பக்கம். மதார் மைதீன் நடுவுல நழுவப் பாத்தாரு. "இல்லைங்க துவான். சம்பளம் குடுத்தாத்தானே வேலையாளு? இவன் வருவான், மங்கு கழுவுவான், போவான். ரொட்டிக் கல்லுகிட்ட நான் விட்டதே இல்லைங்க."

ஒரு வார்த்தகூட பொய்யில்ல. அதான் சன்னாசி நெஞ்சுல போயி குத்துச்சு. இத்தன மாசம் ஒழைச்சதுக்கு ஒரு சாட்சி கெடையாது. அவன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டான்.

கொட்டாய்க்கு வெளிய தோட்டமே கூடி நின்னுச்சு. அதுல மயிலம்மா குரலு கேட்டுச்சு. "எதுக்கு இம்புட்டு கேள்வி? எதுத்தாப்புலதான் குசினி இருக்கு. மாவக் குடுத்து போடச் சொல்லுங்க. நானும் பாக்கணும்னுதான் இருக்கேன்!"

இன்ஸ்பெக்டருக்கு இது புடிச்சிருந்துச்சு. அவருக்குப் பசி வேற.

குசினியத் தொறந்து மாவு அளந்து குடுத்தாங்க. சன்னாசி அங்கயே பெசஞ்சான். பெசையிறதுல கொற சொல்ல முடியாது. உருண்ட புடிச்சு, எண்ண தடவி, மேல ஈரத் துணியப் போட்டு மூடிட்டு கையக் கழுவிட்டான்.

"போடு லா!"ன்னான் தங்கராஜு.

"ஊறணும். இப்ப வீசுனா அறுந்துரும்."

"எவ்வளவு நேரம்?"

"பொழுது எறங்கட்டும்."

அப்புறம் என்ன? இன்ஸ்பெக்டர், மொதலாளி, கைதி மூணு பேரும் சுத்தி ஒக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு ஒரு சட்டி மாவப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மாவுக்கு தங்கராஜு துப்பாக்கியோட காவல். தோட்டத்துல அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரு மாவுக்கு அப்படி மரியாத கெடைச்சதில்ல.

வெயிலு சாஞ்சதும் சன்னாசி எந்திரிச்சான். மொத உருண்டையத் தட்டி வீசுனான். நனைஞ்ச துண்டோட கனம் வேற, மாவு வேற. அது கையில நிக்காம பறந்து போயி தங்கராஜு பூட்ஸ் மேல படுத்துக்கிச்சு. கூட்டம் சிரிச்சுச்சு. ரெண்டாவது, நடுவுல கிழிஞ்சு அது வழியா இன்ஸ்பெக்டர் மூஞ்சி தெரிஞ்சுச்சு.

மூணாவதத் தூக்குனான். மதார் மைதீன் ஒக்காந்த எடத்துல நெளிஞ்சாரு. பல்லக் கடிச்சாரு. மனுசனால முடியல.

"டேய்! மணிக்கட்டத் தளர்த்துடா! விரல உள்ள விடாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? சலாவுதீன் வீசுறப்ப நிக்க வச்சு காட்டுனேனே, எல்லாத்தையும் காத்துல விட்டுட்டியா?"

இன்ஸ்பெக்டர் மெதுவா அவரு பக்கம் திரும்புனாரு. மதார் மைதீன் தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு.

சன்னாசி எதையும் பாக்கல. மணிக்கட்டத் தளர்த்துனான். மாவு விரிஞ்சுச்சு. தலைக்கு மேல ஒரு சுத்து சுத்தி, வெள்ளையா, லேசா எறங்குச்சு. துண்டு எறங்குமே, அதே மாதிரி. பரண் மேலேருந்து தெனம் அதப் பாத்தவன் தங்கராஜுதான். "இதேதான் துவான்"னு அவனே முனகுனான்.

மடிச்சு, சுத்தி, குசினிக் கல்லுல போட்டு எடுத்தான். ஒரு ஓரம் கருகிருச்சு. இன்ஸ்பெக்டர் கைய நீட்டுனாரு. சன்னாசி அவருக்குக் குடுக்கல. தட்டத் தூக்கிட்டு வெளிய போயி மயிலம்மாகிட்ட நீட்டுனான்.

அவ பிச்சு வாயில போட்டா. மென்னா. மொத்தத் தோட்டமும் அவ தாடையையே பாத்துச்சு.

"உப்பு கம்மி"ன்னா. இன்னொரு வாயி பிச்சா. "ஓரம் தீஞ்சிருக்கு." முழுசையும் தின்னுட்டு விரல சேலையில தொடச்சா. "நான் போயி சாமானக் கட்டுறேன். நீங்க அவருக்கு ரெண்டு போட்டுக் குடுத்துட்டு வாங்க, பாவம் பசியோட நிக்கிறாரு."

போகும்போது மதார் மைதீன் பக்கம் நின்னா. "ரூம்புல ஒழுகுதாங்க மொதலாளி?"

"ஒரு மூலையிலதாம்மா"ன்னாரு அவரு, குனிஞ்ச தல நிமிராம.

ரூம்பு நாலு மூலையிலயும் ஒழுகுச்சு. சம்பளத்துக்கு மதார் மைதீன் வாயத் தொறக்க ஒரு தீபாவளி வர வேண்டியிருந்துச்சு. அவசர காலம் முடிஞ்சு துப்பாக்கியத் திருப்பி வாங்கிக்கிட்டதும், தங்கராஜு ஒரு நாளு கடை வாசல்ல வந்து நின்னு, தொழில் பழகணும்னு தலையச் சொறிஞ்சான். சன்னாசி ஒரு துண்ட நனைச்சு அவன் கையில குடுத்தான். "வீட்டுக்குள்ளயே வீசு"ன்னான்.

மரம் வெட்டுனப்ப தோளு வலிச்சுச்சு; கல்லுகிட்ட நின்னா காலு வலிக்குது. அசதி போகல, எடம் மாறிக்கிச்சு. ராத்திரி மயிலம்மா எண்ண தேய்ச்சு விடும்போது, "இன்னைக்கு யாரும் எதுவும் கேட்டாங்களா?"ம்பா.

"எல்லாரும் கேட்டாங்க"ம்பான் கண்ண மூடிக்கிட்டு. "ரெண்டு ரெண்டு கேட்டாங்க."