இடைவெளி விடாத தண்டவாளம்

ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ டவுனுக்குப் போகும் சாலையின் நடுவே ஓடுகிற வெள்ளைக் கோடு கலாதேவியின் தம்பி தர்மேந்திரன் போட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் அதை அவள் சொல்லாமல் விட்டதில்லை. "பாருங்க, எங்கயாச்சும் வளைஞ்சிருக்கா?" என்று கேட்பாள்.

சாலை ஈரமாக இருந்தால் கோடு ஒட்டாது. அதனால் மழை பெய்தால் தர்மேந்திரனுக்கு வேலை இல்லை. அக்டோபர் பிறந்ததும் பின்னறையில் இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்ட பலகையின் மேலிருந்து பழைய கைலியை எடுத்துவிடுவான். அடியில் அவனுடைய பொம்மை ரயில். வெயில் வந்து வேலை குவிந்ததும் கைலி மறுபடி ஏறிவிடும். மழையில் நேரம் இருக்கும், பலகையில் செய்த பொம்மை மலைக்குப் பூசும் சாயம் காயாது. வெயிலில் சாயம் காயும், நேரம் இருக்காது. இப்படியே ஆறு வருடம் போயிற்று. ரயில் ஒரு முழுச் சுற்று ஓடியதில்லை.

இதற்கிடையில் சர்க்கரை நோய் அவன் வலது கண்ணை எடுத்துக்கொண்டது. கோடு போடுகிறவன் சாலையோரம் வண்டிகளை நிறுத்தக் கொடி பிடிக்கிறவன் ஆனான். சென்ற செப்டம்பரில் இடது கண்ணிலும் கறுப்பு இழைகள் மிதக்கத் தொடங்கின. தைப்பூசம் கழிந்து அறுவை சிகிச்சை. பார்வை நிலைக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"அதுக்குள்ள ரயிலு ஒரு ரவுண்டு ஓடறதப் பாத்துடணும்க்கா" என்றான். வேறு எதையும் அவன் கேட்கவில்லை.

குளிர்காலத்தில்தான் தண்டவாளம் போடவேண்டும் என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். நமக்கு நவம்பர் மழைதானே குளிர்காலம் என்று எண்ணிக்கொண்டு, பலகை ஈரம் குடித்துக் கிடந்த நாட்களில் அவன் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக இணைத்து ஆணி அடித்தான். கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ரப்பர் கையுறைகளில் ஊசித்துளை தேடியவள் கலாதேவி. இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு முடிகூட நுழையாதுடா" என்றாள் பெருமையாக.

ஜனவரி முழுக்க வெயில். தம்பி கொடி பிடிக்கப் போனான், ரயில் கைலிக்கடியில் கிடந்தது. சிகிச்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை கைலியை உருவி, பெட்டிகளை மாட்டி எஞ்சினை ஓட்டினான். மலைக்குப் பக்கத்து வளைவில் அது கவிழ்ந்தது. தூக்கி வைத்தான். அதே இடத்தில் மறுபடி கவிழ்ந்தது.

"என்னக்கா, ரயிலுக்கும் கண்ணு போச்சா?"

கலாதேவி விரலை ஓட்டினாள். புறங்கை நரம்பு மாதிரி தண்டவாளம் எழும்பி நின்றது. மழையில் உப்பியிருந்த பலகை வெயிலில் சுருங்கிவிட்டது. ஒதுங்க இடமில்லாத தண்டவாளம் மேலே கிளம்பிவிட்டது. முடி நுழையாதபடி இணைத்ததுதான் தப்பு. அதைப் பார்த்து மெச்சியவளும் அவள்தான்.

"வெள்ளக்காரன் குளிரு வேற, நம்ம மழை வேற லா. அங்க குளிருல பலகை காஞ்சு கிடக்கும், இங்க மழையில ஊறிக் கிடக்கும்" என்றான் தர்மேந்திரன். சின்ன ரம்பத்தை எடுத்து இடம் தேடினான். இரண்டு முறை குறி தப்பிப் பலகையில் பட்டது.

"குடு இங்க. ஊசித்துளை கண்டுபிடிச்ச கண்ணு இது."

"இது கையுறை இல்லக்கா, தண்டவாளம்."

"வாய மூடிக்கிட்டு பலகையப் புடி."

இரண்டு தண்டவாளத்திலும் நகக்கனம் இடைவெளி விட்டு வெட்டினாள். தம்பி அழுத்திப் பிடிக்க, மேடு தணிந்தது. அடியில் பசை வைத்தார்கள். மழை நாளில் மறுநாள் வரை பிசுபிசுக்கும் பசை, அந்தச் சூட்டில் அரை மணியில் இறுகிவிட்டது.

எஞ்சின் கிளம்பியது. வளைவைத் தாண்டி, மலையைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. தர்மேந்திரன் கன்னத்தைப் பலகையோடு வைத்துக் குனிந்திருந்தான்.

"பாத்தியாடா?"

கன்னத்தை எடுக்காமலே சொன்னான்:

"எஞ்சின் செவப்பு தெரிஞ்சுச்சு. பின்னால வர்ற பெட்டிங்க தெரியல." காதை இன்னும் ஒட்டி வைத்து, "நீ வெட்டுன எடத்துல டக்குனு ஒரு சத்தம் வருதுக்கா. நிறுத்தாத, ஓடட்டும்" என்றான்.

கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு விரலை மடக்கினான். கலாதேவி ரயிலைப் பார்க்கவில்லை, அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு ரவுண்டு. சரியா?"

"சரிடா."

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கலாதேவி கைலியைப் பலகைமேல் போடாமல், மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.